குதிரைமசால் குழியைத் திறக்காமல் இருப்பது

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சர் கடையில் கிடைத்தது. கடைக்காரர் என் ஸ்கூட்டர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சரக்கு ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்.

"அண்ணே, ஓட்டவே முடியாத டயர் ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார். "ஓட்டவே முடியாதுன்னா, எவ்வளவு மோசமா?"

"எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவாயில்ல. கனமா இருந்தா போதும்."

"என்ன வண்டிக்கு?"

"மாட்டுக்கு."

பிறகு அவரே விளக்கினார். குதிரைமசால் என்ற தீவனத்தை வெட்டி, வாடவைத்து, நறுக்கி, குழியில் போட்டு மிதித்து, தார்ப்பாயால் மூடி, காற்று போகாதபடி மேலே டயர்களை அடுக்குவார்களாம். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்து புளித்தால் சைலேஜ். வறட்சிக் காலத்தில் மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. "மூடுறது சுலபம்ணே," என்றார். "மூடினதுக்கப்புறம் சும்மா இருக்கறதுதான்..."

வாக்கியத்தை முடிக்காமல் சிரித்துவிட்டு, டயர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மீதியெல்லாம் என் சரக்கு. தவறு இருந்தால் அவரைத் திட்ட வேண்டாம், அவர் டயர் வாங்கத்தான் வந்தார்.

2.

முதல் தொடக்கம்:

"கருமேகங்கள் திரண்டு அந்த நிலத்தின் மேல் ஒரு பெரும்

நிறுத்திவிட்டேன். மேகத்தில் தொடங்குகிற கதைக்காரனுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது தொடக்கம்:

"குதிரைமசாலில் புரதம் அதிகம், சர்க்கரை குறைவு. ஆகவே சோளத்தைப்போல இது எளிதில் புளிக்காது. ஈரம் மிகுந்தால் புளிப்பதற்குப் பதிலாக அழுகும். எனவே அறுத்தபின் போதிய அளவு

இது விவசாய அலுவலகத்தில் இலவசமாகக் கொடுக்கிற தாள். ஆனால் இதில் இருக்கிற சேதி உங்களுக்குத் தேவை, அதனால் அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: ஈரமும் காற்றும் இந்தக் குழிக்கு எதிரிகள்.

[பெயரில் குதிரை இருக்கிறதே என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இந்தக் கதையில் குதிரை வராது.]

மூன்றாவது தொடக்கம் ஒரு கையில் ஆரம்பிக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

3.

தம்பி ஒரு பிடி நறுக்கிய தழையை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிழிந்தான். விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் கசிந்தது. கையைத் திறந்தான். உருண்டை பிரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இன்னும் வாடணும்க்கா. உருண்டை மெதுவா விரியணும், கையில தண்ணி படக்கூடாது. மீதியை நறுக்க வேணாம், சாயங்காலம் வரைக்கும் வெயில்ல கிடக்கட்டும்."

அக்கா வானத்தைப் பார்த்தாள். (மேகம் வந்துவிட்டது. துரத்தினாலும் போகாது போலிருக்கிறது.) "அங்க பாரு. மழை பெஞ்சா மொத்தமும் போச்சு."

"ஈரத்தோட மூடினாலும் மொத்தமும் போச்சு."

"பச்சைத் தழைன்னா ஈரமாத்தான் இருக்கும். அதென்ன காகிதமா? அள்ளு, அள்ளு."

அள்ளினார்கள். வாடகை டிராக்டர் குழிக்குள் முன்னும் பின்னுமாக ஓடி மிதித்தது. அடுக்குக்கு அடுக்கு, தம்பி கரும்புப்பாகைக் கரைத்துக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தான். சர்க்கரை கூடினால் புளிப்பு முந்திக்கொள்ளும், அழுகல் பிந்திவிடும் என்று ஒரு நம்பிக்கை. அக்காவின் கணவர், தம்பி அவரை மாமா என்று கூப்பிடுவதால் நமக்கும் மாமாதான், பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு மத்தியானம் வந்து தார்ப்பாயை இழுத்துப் பிடித்தார். மண்ணை அணைத்து டயர்களை அடுக்கி முடித்து, மூன்று பேரும் மேலே பார்த்தார்கள்.

மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மேகம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டது.

4.

இந்த இடத்தில் எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவளை ஒரு பிடிவாதக்காரியாக, சொன்னால் கேட்காதவளாக எழுதிவைத்திருந்தேன். தம்பி விவரமானவன், அக்கா அவசரக்குடுக்கை. படிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் போன வறட்சியை யோசித்துப் பார்த்தேன். வைக்கோலும் கிடைக்காமல், மாடுகள் காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றதை அவள்தான் தினமும் பார்த்தாள். அப்படிப் பார்த்தவள் மேகத்தைக் கண்டால் பதறாமல் என்ன செய்வாள்? அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்தும் தவறு தவறுதான். இரண்டையும் சேர்த்து எழுதத்தான் எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

தம்பியையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவன் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் நன்றி சொல்லமாட்டார்கள், திட்டுவார்கள். வருஷக்கணக்கில் வாங்கிய திட்டுகள் போதுமென்று ஒரு நாள் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். "உன் சோளக்கொல்லையில பாதியை என்கிட்ட குடு, உன் மாட்டைப் பட்டினி போடாம பாத்துக்கறேன்" என்றான். அக்கா யோசிக்காமல் கொடுத்தாள். இப்போது சோளமும் பாதி, மீதிக் கொல்லை முழுக்க ஊதாப் பூ வைத்த குதிரைமசால். அது முழுக்கக் குழிக்குள்.

மூடிய அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு முற்றியது.

"நான் பிழிஞ்சு காட்டினேன், நீ கேக்கல."

"மழை வந்திருந்தா என்னைக் கும்பிட்டிருப்ப."

"இது கெட்டுதுன்னா நான் திரும்ப லிஃப்ட் வேலைக்கே போயிடறேன். உன் நிலத்தையும் கெடுத்துட்டு, உன் மாட்டையும் காயப்போட்டுட்டு, இங்க உக்காந்து தின்னமாட்டேன்."

"போயேன். உன்னை யாரு புடிச்சு வெச்சா?"

மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அக்கா சொன்னது வாய்வார்த்தை. உண்மை வேறு. விடிந்தும் விடியாததுமாக இரண்டு முக்காலி போட்டு இரண்டு பேரும் பால் கறப்பார்கள். அவன் எட்டாவது மாடியில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சொல்வான். லிஃப்டுக்குள்ளேயே சமையல் செய்யப் பார்த்த கிழவரைப் பற்றிச் சொல்வான். பாதி புளுகு. அக்கா மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிப்பாள். அவன் வருவதற்கு முன்பு அவள் மாடுகளோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். மாடுகள் பதில் சொல்லாதது அவளுக்குக் குறையாக இல்லை. மறுத்துப் பேசாததுதான் குறை. தம்பி போய்விட்டால் அந்தத் தொழுவத்தில் காலெடுத்து வைக்கவே அவளுக்குப் பிடிக்காது. இதை நான் சொல்கிறேன். அவள் சாகும்வரை சொல்லமாட்டாள்.

5.

"யாரும் தொடக்கூடாது," என்றான் தம்பி. "தார்ப்பாய் மேல கை வெக்கக்கூடாது. உள்ள காத்து போனா அவ்வளவுதான்."

முதலில் தொட்டவன் அவன்தான்.

மூலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனான். தேங்கவில்லை. மழையே இல்லை, எங்கிருந்து தேங்கும்? போனது போனோம் என்று தொழுவத்துப் பக்க மூலையில் இருந்த ஸ்கூட்டர் டயரை நகர்த்தினான். எல்லா டயரிலும் அதுதான் இலேசு. தார்ப்பாயை இரண்டு விரல் தூக்கி மூக்கை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. மூடினான். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலைவரை தாங்கியது.

அக்கா சாணி அள்ள வந்தவள், கூடையை வைத்துவிட்டு, அதே மூலை, அதே டயர். ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். மறுநாளும் அதே ஒரே ஒரு தடவை.

[அடுப்பில் வேகிற பானையின் மூடியைத் தூக்கிப் பார்க்காத ஆள் யாராவது உண்டா? விதை போட்ட சட்டியை மறுநாளே கிளறாத பிள்ளை உண்டா? நான் மட்டும் யோக்கியமா? இந்தக் கதையின் நாலாம் பகுதியை எழுதி மூடிவைத்தவன், தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் திறந்து ஒரு சொல்லை மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் இருந்த சொல்தான் நன்றாக இருந்தது.]

ஒரு நாள் மத்தியானம் அக்கா குழிப்பக்கம் போனபோது, தார்ப்பாய்க்கு வெளியே ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. காக்கிச் சட்டை போட்ட முதுகு.

"என்னங்க பண்றீங்க?"

மாமா தலையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் மண். "பூனை ஒண்ணு உள்ள போன மாதிரி இருந்துச்சு."

"இருக்கா?"

"இல்ல. பூனையே இல்ல போல."

"வாடை எப்படி இருக்கு? நேத்தைக்கு இன்னைக்கு கூடியிருக்கா?"

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நேத்து வந்தவங்களைக் கேளு."

கல்யாணமான நாளிலிருந்து மாமா பேசிய நீளமான பேச்சு அதுதான். தம்பிக்குத் தெரியக்கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். தம்பிக்குத் தெரியாமல் பார்க்கிறோமென்று இவர்களும், இவர்களுக்குத் தெரியாமல் பார்க்கிறோமென்று அவனும், ஆளுக்கொரு நேரத்தில் அந்த ஒரே மூலை வழியாகக் குழிக்குக் காற்று ஊட்டினார்கள். மூன்று பேருக்குமே குழியின்மேல் அவ்வளவு அக்கறை.

6.

பிறகு ஒரு நாள் நாற்றம் வந்தது.

நல்ல சைலேஜ் கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் பழவாடையாக மணக்குமாம். (பஞ்சர் கடையில் அந்த மனிதரின் சட்டையில் அப்படித்தான் மணத்தது என்று எழுத ஆசை. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம்.) அக்காவின் மூக்கில் ஏறியது வேறு. கழுவாமல் மூடிவைத்த பால் கேனைத் திறந்தால் வருமே, அது. கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். கொழகொழவென்று கறுத்திருந்தது. கொல்லை ஓரத்தில் புதைத்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்போதும் வாடை போகவில்லை. அன்று சாயங்காலம் பால் கறக்கும்போது தம்பியின் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டாள்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவனும் அன்று கதை சொல்லவில்லை. ஏனென்றால் அவனும் காலையில் அந்த மூலைக்குப் போய்விட்டு வந்திருந்தான். தன் பையை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிலுக்கு அடியிலேயே மறுபடியும் வைத்திருந்தான். அக்கா வீடு பெருக்கும்போது அதைப் பார்த்தாள். பையின் மேல் தூசி இல்லை.

இந்த இடத்தில் அவளுக்கு உதவி செய்யலாம் என்று நினைத்து, அவள் வாயில் வைக்கச் சில வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்.

"தம்பி, குழி கெட்டாலும் கெடாவிட்டாலும் நீ என்னோடு இருக்க வேண்டும்." — யார் இந்த அம்மாள்? எனக்குத் தெரியாது.

"நீ இல்லாம எனக்கு

— இதைப் பாதியிலேயே அவள் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

"உன் இஷ்டம்." — இதைத்தான் அவள் நிச்சயமாகச் சொல்வாள். சொன்னால் அவன் நிச்சயமாகப் போய்விடுவான். நம் குடும்பங்களில் எத்தனை பேர் இந்த ஒரு சொல்லால் வண்டியேறியிருக்கிறார்கள்!

7.

சரி, முடிவுகளைப் பார்க்கலாம்.

முடிவு ஒன்று. தார்ப்பாயை விலக்குகிறார்கள். மூலையில் மட்டும் கெட்டிருக்கிறது, மற்றபடி எல்லாம் பொன்பச்சை, மணம் ஊரைத் தூக்குகிறது, மாடுகள் அவிழ்த்துக்கொண்டு ஓடி வருகின்றன. படிக்கிறவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் அன்றைக்குத் தம்பியின் விரலிடுக்கில் கசிந்த தண்ணீர் எங்கே போயிற்று?

முடிவு இரண்டு. எல்லாம் அழுகல். தம்பி பையை எடுக்கிறான். அக்கா "உன் இஷ்டம்" என்கிறாள். மறுநாள் காலையில் தொழுவத்தில் ஒரு முக்காலி காலியாக இருக்கிறது. இதை முழுதாகவே எழுதினேன். நன்றாக வந்தது. எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்தேன். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் எனக்கு இவ்வளவு வரும்படி கூடாது.

முடிவு மூன்று. மேலடுக்கு கெட்டிருக்கிறது, வழித்து எறிகிறார்கள். அடியில் பாதி தேறுகிறது. நிஜத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்குமாம். ஆனால் பாதி கெட்டால் தம்பி பாதியா போவான்?

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. மூன்றிலும் தம்பி போவதா இருப்பதா என்பதைக் குழி தீர்மானிக்கிறது. புளித்த தழையிடம் போய் ஒரு மனிதன் எங்கே வாழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். தம்பி கோபத்தில் அப்படி ஒரு பந்தயம் கட்டினான் என்றால், எனக்கு எங்கே போயிற்று புத்தி? அக்காவுக்கும் அது அப்போதே தெரிந்திருக்கும். அதனால் குழியைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளைப் பேச விட்டேன். வாக்கியம் எதுவும் நான் கொடுக்கவில்லை.

8.

திறக்கிற நாள். வெயில் ஏறிவிட்டது. மாமா வேனை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். தொழுவத்துப் பக்க மூலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தைத்தான் திறக்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"இரு," என்றாள் அக்கா. "அந்த மூலை கெட்டுப்போச்சு. நான்தான் தூக்கித் தூக்கிப் பாத்தேன்."

தம்பி அவளைப் பார்த்தான். "நீயா?"

"தினமும்."

"அக்கா, நானும்தான் தினமும் பாத்தேன்."

"தொடக்கூடாதுன்னு சொன்ன?"

"உங்களைத்தான் சொன்னேன்."

மாமா தொண்டையைக் கனைத்தார். "நான் தினமும் இல்ல," என்றார். "லீவு நாள்ல மட்டும் ரெண்டு தடவை."

யார் முதலில் சிரித்தது என்று எழுத நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழியை நாசம் செய்திருக்கலாம் என்பது அவர்களுக்கு அந்த நிமிஷம்தான் முழுதாகப் புரிந்தது.

"யாரு பாத்தா என்ன," என்றான் தம்பி. "யோசனை என்னோடது. கெட்டிருந்தா நான் சொன்ன மாதிரி..."

"என்ன சொன்ன மாதிரி? விதைக்கும்போது என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"ஒரு தடவை விதைச்சா மூணு நாலு வருஷம் நிக்கும், அறுக்க அறுக்கத் தழையும்னு சொன்னியா இல்லையா? கொல்லையில போய்ப் பாரு, முழங்கால் உயரம் நிக்குது. அடுத்த அறுப்பு வந்தாச்சு. எனக்குப் பிழிஞ்சு பாக்கத் தெரியாது. உங்க மாமாவுக்குப் பூனை தேடத்தான் தெரியும். விதைச்சவன் பாட்டுக்கு லிஃப்ட்டைப் பாக்கப் போயிட்டா, நிக்கிற பயிரை நான் என்ன பண்ணட்டும்?" அக்காவின் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "உள்ள இருக்கறது கெட்டா அள்ளிக் கொட்டிட்டு மறுபடி போடலாம். நீ போனா நான் எதை அள்ளிக் கொட்டுவேன்?"

[இது என் வாக்கியம் இல்லை. சத்தியமாக.]

தம்பி எதிர்ப்பக்கம் நடந்துபோய், அங்கே படுக்கவைத்திருந்த டயருக்கு முன்னால் நின்றான். டிராக்டரின் பின்சக்கரத்து டயர், அன்றைக்கு உருட்டி வந்து சாய்த்தது. இழுத்தால் தார்ப்பாய் கிழியும், தூக்கித்தான் வைக்க வேண்டும். குனிந்து ஒரு கையால் அசைத்துப் பார்த்தான். அது அசைந்துகொடுக்கவில்லை.

"அடுத்த தடவை இவ்வளவு பெரிய டயரை வெக்கக்கூடாதுக்கா," என்றான்.

அடுத்த தடவை. அக்கா அதைக் கேட்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து டயரின் ஒரு பக்கம் குனிந்தாள். மாமா மறுபக்கம் போனார். மூன்று பேரும் பிடித்து ஒரு மூச்சுத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் எழும்பவே இல்லை.

"இன்னொரு ஆள் வேணும்," என்றான் தம்பி. "யாரையாவது கூப்பிடு."

அக்கா சுற்றுமுற்றும் பார்க்கிறாள். இந்தக் கதையில் வேறு யாரும் இல்லை, நான் எழுதவில்லை. எனக்கோ முதுகுவலி. பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நீங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், தார்ப்பாயில் ஓட்டை விழும். காலியாக இருக்கிற பக்கத்தில் முழங்காலை மடக்கிக் குனிந்து பிடியுங்கள். அக்கா உங்களைப் பார்த்துத் தலையசைப்பாள், யார் என்ன என்று விசாரிக்கமாட்டாள். தம்பி மூன்று எண்ணுவான். உள்ளே என்ன இருந்தாலும் முதலில் உங்கள் மூக்குக்குத்தான் தெரியும். எப்படி இருந்தாலும் அவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.